உட்கார்ந்து பார்த்தவர்கள்

"மாமல்லபுரம் பார்த்தாகிவிட்டது" என்று ஒருவர் சொல்வதற்கு எவ்வளவு நேரம் தேவை? நம் பள்ளிக்கூடத்து மாணவ மாணவியருக்குப் பதினொரு நிமிஷம் போதுமானதாயிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபடியால் இதை நிச்சயமாகவே சொல்கிறோம்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. விடியற்காலை நாலு மணிக்கு ஆம்பூரில் பஸ் ஏறினோம். வேலூர், ஆற்காடு, காஞ்சீபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று ஒவ்வோர் ஊராகக் கடந்து, வெயில் ஏறும் வேளையில் கடற்கரையை அடைந்தோம். அர்ச்சுனன் தபசு என்று வழங்கும் அந்தப் பெரும் பாறைக்கு எதிரே நாற்பத்திரண்டு குழந்தைகளும் இறங்கினார்கள். இறங்கியதும் பாறைக்கு முதுகைக் காட்டி நின்றார்கள், கைப்பேசியை உயரத் தூக்கித் தங்களைத் தாங்களே படம் பிடித்துக்கொண்டார்கள், பிறகு, "அடுத்தது எங்கே சார்?" என்று கேட்டார்கள். ஆசிரியர்களாகிய நாமும் அவ்விதமே ஒரு படம் எடுத்துக்கொண்டோம் என்பதை மறைப்பதற்கில்லை.

ஏறக்குறைய 90 அடி நீளமுள்ள பாறை அது. 1,300 ஆண்டுகளுக்கு முன் பெயர் தெரியாத சிற்பிகள் உளியும் சுத்தியுமாக அதன் முன் எத்தனை காலம் நின்றிருப்பார்கள்! அதற்கு நாம் அளித்த மரியாதை பதினொரு நிமிஷம்.

பஸ்ஸிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இறக்கச் சொன்னோம். அதனுள் சித்திர நோட்டுப் புத்தகங்களும் பென்சில்களும் இருந்தன. "எல்லோரும் நிழல் பார்த்து உட்காருங்கள். ஒரு மணி நேரத்திற்கு எழுந்திருக்கக் கூடாது. கண்ணில் படுவதை வரையுங்கள்" என்றோம்.

குழந்தைகளின் முகம் விழுந்துவிட்டது. பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் துணிந்து கேட்டான்: "போட்டோதான் எடுத்தாச்சே சார், அப்புறம் எதுக்கு வரையணும்?"

நியாயமான கேள்விதான். ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடியதன்று. ஆகவே, இதே கடற்கரைக்குப் பென்சிலும் காகிதமுமாக வந்து சேர்ந்த இருவரின் கதையை அவர்களுக்குச் சொன்னோம். நேயர்களுக்கும் அதைச் சொல்கிறோம்.

பெரியவரும் சிறியவரும்

பெரியவர் பெயர் தாமஸ் டேனியல். 1749-ல் பிறந்தவர். அவருடைய தகப்பனார் இங்கிலாந்தில் ஒரு சிற்றூரில் சத்திரம் நடத்தியவர். பிள்ளை முதலில் கற்றுக்கொண்டது, பணக்காரர்களுடைய கோச்சு வண்டிகளுக்கு வர்ணம் பூசும் தொழில். பின்னர் இயற்கைக் காட்சிகளை எழுதும் சித்திரக்காரரானார். ஆனால் லண்டனில் அத்தகைய சித்திரக்காரர் பலர் இருந்தபடியால் பிழைப்பு நடப்பது கஷ்டமாயிருந்தது. சிறியவர் அவருடைய சகோதரரின் மகன் வில்லியம், 1769-ல் பிறந்தவர். 1785-ல், சிறியவன் ஏறக்குறையப் பதினாறு வயதுப் பிள்ளையாயிருந்தபோதே, இருவரும் கப்பலேறிச் சீனா வழியாக மறு வருஷம் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள்.

அங்கே கல்கத்தா நகரின் காட்சிகள் பன்னிரண்டைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டு விற்றார்கள். அதில் கிடைத்த பொருளைக்கொண்டு 1788 முதல் 1791 வரையில் கங்கைக் கரையோடு மேலே சென்று இமயமலைச் சாரல் வரையில் பிரயாணம் செய்தார்கள். திரும்பி வந்து, எழுதிய சித்திரங்களை லாட்டரிச் சீட்டுப் போட்டு விற்று, அந்தப் பணத்துடன் 1792-ல் சென்னைக்கு வந்தார்கள்.

அவர்களுக்கு முன்னரே ஓர் ஆங்கிலச் சித்திரக்காரர் சென்னைக்கு வந்ததுண்டு. வில்லியம் ஹாட்ஜஸ் என்பது அவர் பெயர். காப்டன் குக்குடன் தென்கடல்களைச் சுற்றியவர். 1780-ல் அவர் சென்னையில் இறங்கிய சில மாதங்களுக்குள் ஹைதர் அலியின் படை கர்நாடகச் சமவெளியில் புகுந்தது. கோட்டையை விட்டு வெகு தூரம் போவதற்கு வழியில்லாமல் ஒரு வருஷம் காத்திருந்துவிட்டு அவர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். தென்னாட்டுக் கோயில்களை மனம் கொண்ட மட்டும் எழுத அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

டேனியல்கள் வந்த சமயம் வேறு. 1792 மார்ச்சு மாதத்தில்தான் திப்பு சுல்தானுக்கும் கம்பெனியாருக்கும் சீரங்கப்பட்டணத்தில் உடன்படிக்கை ஏற்பட்டிருந்தது. பாராமகால் நாடும் திண்டுக்கல் சீமையும் கம்பெனியார் கைக்கு மாறியிருந்தன. பீரங்கிகள் ஓய்ந்த வழியில் பென்சில் நடந்தது. அந்த வழி யாருக்காகத் திறக்கப்பட்டது, யார் அதில் நாட்டை இழந்தார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. சித்திரக்காரர் நல்லவராயிருக்கலாம், அவருக்கு முன்னால் சென்ற படை சித்திரம் எழுதுவதற்காகச் செல்லவில்லை.

நம் மலைகளை எழுதியது

அப்போது தாமஸுக்கு நாற்பத்து மூன்று வயது. இக்கட்டுரையை எழுதும் நமக்கும் ஏறக்குறைய அந்த வயதுதான். நாம் காட்பாடி ஸ்டேஷனில் மாடிப்படி ஏறுவதற்கே மூச்சு வாங்குகிறோம். அவரோ பல்லக்கும், கூடாரமும், பொதி மாடுகளுமாகச் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரையில் போய்த் திரும்பினார். போன வழியெல்லாம் ஏறத் தக்க குன்று ஒன்றையும் அவர் ஏறாமல் விட்டதாகத் தெரியவில்லை.

முதலில் அவர்கள் சென்றது மேற்கே. இராயக்கோட்டை, வீரபத்திர துர்க்கம், ஜகதேவி முதலிய பாராமகால் மலைக்கோட்டைகளை எழுதினார்கள். இவை இன்று கிருஷ்ணகிரி ஜில்லாவில், நம் வாணியம்பாடிக்குத் தென்மேற்கே உள்ளவை. சென்னையிலிருந்து அந்தப் பக்கம் போகிறவர் பாலாற்றைக் கடந்தே ஆகவேண்டும். ஆகையால் நம் ஆற்று மணலில் அவர்களுடைய கால் பதிந்திருக்கிறது என்று நாம் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம். இதைச் சொன்னதும் குழந்தைகள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஆம்பூர்க் குழந்தைகளுக்கு மொட்டைப் பாறை மலைகள் தினமும் கண்ணில் படுபவை. அவற்றைப் போன்ற மலைகளைப் பார்ப்பதற்காக ஒருவர் கடல் கடந்து வந்தார் என்பது அவர்களுக்குப் புதிய செய்தி.

பிறகு மதுரை, பாபநாசம், குற்றாலம், களக்காடு என்று தெற்கே இறங்கினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலையும் திருச்சி மலையையும் எழுதினார்கள். மதுரையில் திருமலை நாயக்கர் அரண்மனையின் இடிபாடுகளை எழுதினார்கள். அன்று நின்றிருந்த பகுதிகளில் ஒரு பங்குதான் இன்று நிற்கிறது. மற்றவை விழுந்துவிட்டன. அவற்றின் தோற்றத்தை அறிய விரும்புகிறவன் இன்று டேனியல்களின் படத்தைத்தான் பார்க்க வேண்டும்.

கல் தேரும் கருங்கடலும்

அந்தத் தென்னாட்டு யாத்திரையில்தான் அவர்கள் மாமல்லபுரத்துக்கும் வந்தார்கள். மாலுமிகள் இதை ஏழு கோபுரத் துறை என்று அழைத்த காலம் அது. கடலிலிருந்து கரையைப் பார்ப்பவனுக்கு வழி காட்டும் அடையாளமாகக் கோயில் விமானங்கள் தெரிந்தன. கரையிலோ பனை மரங்களும், மணல் மேடுகளும், உருண்டு திரண்ட கருங்கற் பாறைகளும்தான். அலை ஓயாமல் மோதும் அந்த இடத்தில், ஏழாம் நூற்றாண்டில் பல்லவன் மாமல்லன் காலத்திலும் அதன் பின்னும், பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கித் தேர்களாக்கினார்கள். குன்றைக் குடைந்து மண்டபமாக்கினார்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்மன் கல்லை அடுக்கிக் கடற்கரைக் கோயிலைக் கட்டினான்.

பெரியவர் எழுதிய மாமல்லபுரத்துச் சித்திரங்களில் இரண்டு, 'இந்தியாவின் தொன்மைகள்' என்ற பெயரில் 1799-ல் வெளியான பன்னிரண்டு படங்கள் கொண்ட தொகுதியில் இடம் பெற்றன. ஒன்றுக்கு 'மாவலிபுரத்துச் செதுக்கிய பாறைகள்' என்று தலைப்பு. மற்றொன்று, பாறையில் குடைந்த கோயில் ஒன்றின் வாயில்.

இவற்றை அவர்கள் எழுதிய விதத்தைச் சொன்னபோது, கேள்வி கேட்ட பையன் மிகவும் கவனமாகக் கேட்டான். ஏனென்றால் அவர்களிடமும் ஒரு விதத்தில் காமிரா இருந்தது. இருட்டான ஒரு பெட்டி. அதன் ஒரு புறத்தில் கண்ணாடி வில்லை. எதிரே இருக்கும் கோயிலும் மரமும் வானமும் அந்த வில்லை வழியாகப் புகுந்து உள்ளே உள்ள காகிதத்தின் மேல் விழும். விழுந்த உருவத்தின் ஓரத்தைப் பென்சிலால் தொடர்ந்து வரைந்துகொள்ளலாம். ஆனால் அந்தப் பெட்டிக்கு ஞாபக சக்தி கிடையாது. அதை நகர்த்தினால் உருவம் போய்விடும். கை ஓடினால்தான் கோடு தங்கும். ஆகவே டேனியல்களிடம் காமிரா இருந்தும் அவர்கள் உட்கார வேண்டியிருந்தது. வெயிலில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, தூணுக்குத் தூண் இடைவெளியையும், நிழல் எந்தப் படியில் விழுகிறது என்பதையும் குறித்துக்கொண்டார்கள்.

வேலை அத்துடன் முடியவில்லை. 1794-ல் இங்கிலாந்து திரும்பியபின், ஒவ்வொரு படத்தையும் செப்புத் தகட்டில் ஏற்றினார்கள். தகட்டின் மேல் பிசின் பொடியை மெல்லியதாகத் தூவிச் சூடு காட்டி ஒட்டவைப்பது. பின்பு திராவகத்தில் இடுவது. பொடித் துகள்களின் இடுக்குகளில் திராவகம் செம்பைத் தின்னும். எவ்வளவு நேரம் தின்கிறதோ அவ்வளவு கறுப்பு. வானத்துக்கு ஒரு நேரம், பாறைக்கு ஒரு நேரம், குகையின் இருளுக்கு ஒரு நேரம். அச்சிட்டபின் கையால் வர்ணம் தீட்டுவார்கள். நம் ஊர்ப் பக்கத்தில் ஆவாரம்பட்டை ஊறலில் தோலைப் போட்டுப் பொறுமையாய்க் காத்திருந்த பழைய பதனீட்டு முறை தெரிந்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். அவசரப்பட்டால் தோலும் கெடும், தகடும் கெடும். 1795-ல் ஆரம்பித்த வேலை 1808-ல் முடிந்தது. மொத்தம் 144 படங்கள். ஒரு முழுத் தொகுதியின் விலை 210 பவுன்.

பெருமையும் குறையும்

படங்களைப் பார்த்துச் சீமையில் பிரபுக்கள் சொக்கிப் போனார்கள். ஸெஸின்கோட் என்ற இடத்தில் ஒருவர் முகலாயப் பாணியில் குமிழ் வைத்து மாளிகையே கட்டிக்கொண்டார். அதற்குத் தாமஸ் டேனியல் யோசனை கூறினார். பீங்கான் செய்பவர்கள் அவர்களுடைய சித்திரங்களைத் தட்டுகளில் பதித்தார்கள். நம் நாட்டுக் கோபுரங்களின் மேல் அவர்கள் சூப்பு ஊற்றிக் குடித்தார்கள் என்று நாம் சொன்னபோது குழந்தைகள் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் சற்றுக் கோபமும் கலந்திருந்தது, கலந்திருக்க வேண்டியதுதான்.

டேனியல்களின் சித்திரங்களில் மனிதர்கள் சிறியவர்களாக இருப்பார்கள். கோபுரத்தின் உயரத்தைக் காட்டுவதற்கு ஓர் அளவுகோலாக மூலையில் நிற்பார்கள். அவர்களைத் தோளில் சுமந்து வந்த பல்லக்குத் தூக்கிகளின் பெயர்களை எந்தப் படத்திலும் காண முடியாது. கல்லைத் தேராக்கியவனின் வமிசத்தார் அந்தக் கடற்கரையில் என்ன சாப்பிட்டார்கள் என்பதும் அவர்களுக்கு முக்கியமாகப் படவில்லை. இடிபாடு அழகாயிருக்கிறது என்று பார்ப்பவனுக்கு, அது இடிந்த கதை சில சமயம் தெரிவதில்லை.

ஆனால் குறையைச் சொல்லிவிட்டு அத்துடன் நாம் எழுந்து போய்விடுவது அழகன்று. அந்நியர் ஒருவர் வந்து உட்கார்ந்து பார்த்தார் என்பது உண்மை. நம்மவர் யார் உட்கார்ந்தார்கள் என்ற கேள்வி நம்மைத் திருப்பிக் கேட்கிறது.

உட்கார்ந்தவர்கள் உண்டு. காலின் மெக்கன்ஸியிடம் பணியாற்றிய காவலி லட்சுமய்யா 1803-ல் மாமல்லபுரம் வந்து அதைப் பற்றி விவரமாக எழுதி வைத்தார். நம் காலத்துக்குச் சமீபத்தில் 'சில்பி' இருந்தார். நாமக்கல்லில் 1919-ல் பிறந்த ஸ்ரீநிவாசன் என்பவரே அவர். சென்னை ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌதுரியிடம் பயின்றவர். 1940-களின் கடைசியில் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற வரிசைக்காகக் கோயில் கோயிலாகச் சென்று, தூணின் முன்னும் பிராகாரத்திலும் அமர்ந்து, சிற்பத்தின் ஒவ்வொரு அணியையும் கோட்டில் கொண்டுவந்தார். அந்தப் பக்கங்களைக் கத்தரித்து வைத்துக்கொண்ட குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ! கோயிலுக்குப் போனால் சந்நிதியைத் தவிர வேறு எதையும் நிமிர்ந்து பாராத நம்மவர் பலருக்கு, தூணிலும் தெய்வம் இருக்கிறது என்று காட்டியவர் அவர்.

வேட்டி பிழிகிறவர்

கதை முடிந்தது. குழந்தைகள் வரையத் தொடங்கினார்கள். முதல் கால் மணி நேரம் அழிப்பதும் சிணுங்குவதுமாகக் கழிந்தது. அப்புறம் ஒரு மாறுதல் உண்டாயிற்று. யாரும் சொல்லாமலே பேச்சு அடங்கிவிட்டது. பிறகு ஒவ்வொரு திசையிலிருந்தும் கூவல் எழும்பியது.

"சார், இங்கே ஒரு பூனை ஒற்றைக் காலில் நிக்குது! கீழே எலிங்க கும்பிடுது!"

"சார், இந்த மான் பின்னங்காலால மூக்கைச் சொறியுது!"

இரண்டும் அங்கே இருப்பவைதான். ஆயிரத்து முந்நூறு வருஷமாக இருப்பவை. முதல் பதினொரு நிமிஷத்தில் நாற்பத்திரண்டு ஜோடிக் கண்களில் ஒன்றுக்கும் அவை புலப்படவில்லை.

ஒரு மாணவி மட்டும் கூவவில்லை. அவள் ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்யும் ஒரு தாயின் மகள். பாறையின் நடுவில் உள்ள பிளவுக்கருகே, கீழ்ப்புறத்தில், சிறியதாக உள்ள சில உருவங்களையே அவள் வெகு நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருகில் சென்றோம். "இவர் என்ன சார் பண்றாரு?" என்று கேட்டாள்.

"நீயே சொல்."

"வேட்டியைப் பிழியறாரு சார். பக்கத்துல இன்னொருத்தர் குடத்துல தண்ணி எடுத்துக்கிட்டுப் போறாரு. அப்ப இது ஆறு."

ஆம், அது ஆறுதான். அந்தப் பிளவில் நாகர்கள் மேல் நோக்கி எழும்பிக் கை கூப்புகிறார்கள். பாறையின் உச்சியில் தொட்டி இருந்த அடையாளம் உண்டு. அதிலிருந்து தண்ணீரை விட்டால் பிளவின் வழியே அருவியாக இறங்கியிருக்கும். இது பகீரதன் தவமா, அர்ச்சுனன் தவமா என்று பண்டிதர்கள் இன்னமும் வாதாடுகிறார்கள். ஆனால் நடுவில் இறங்குவது கங்கை என்பதிலும், அதன் கரையில் சாமானியர் ஒருவர் குளித்துவிட்டு ஈரத்துணியைப் பிழிகிறார் என்பதிலும் சந்தேகமில்லை. தேவர்களும் கந்தர்வர்களும் பறந்து வரும் பெரிய காட்சியில், அந்தச் சிற்பி ஆற்றங்கரையில் அன்றாடம் நடப்பதையும் மறக்காமல் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

அந்தப் பெண் சிறிது நேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னாள்: "எங்க ஆயா சொல்லுவாங்க சார், பாலாத்துல ஊத்துத் தோண்டித்தான் குடிக்கத் தண்ணி எடுப்பாங்களாம். துணி துவைச்சு மணல்லயே காய வெப்பாங்களாம்."

வேறொன்றும் அவள் சொல்லவில்லை. நமக்கும் சொல்ல வாய் எழவில்லை.

ஆறு முடியும் இடம்

சாயங்காலம் நேராக ஊர் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகு டிரைவரிடம் கேட்டுக்கொண்டு பஸ்ஸைத் தெற்கே திருப்பச் செய்தோம். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கட்டிய கோட்டையின் சிதைந்த மதிலை ஒட்டிச் சென்று, கல்பாக்கத்தைக் கடந்து, வாயலூருக்கு அருகே பாலத்தண்டை இறங்கினோம். பாலாறு கடலில் கலக்கும் இடம் அதுதான்.

நந்தி மலையில் பிறந்து, கர்நாடகத்திலும் ஆந்திரத்திலுமாக ஓடி, வாணியம்பாடிக்கு மேற்கே நம் நாட்டில் புகுந்து, 348 கிலோமீட்டர் நடந்து வரும் ஆறு அங்கே முடிகிறது. வாயலூர்ச் சிவன் கோயிலில் தூண் ஒன்றில் இராஜசிம்மப் பல்லவன் தன் முன்னோர்களின் பெயர்களை வரிசையாகப் பொறித்து வைத்திருக்கிறான். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலைக் கட்டிய அதே அரசன்தான். தன் குலத்தின் ஆரம்பத்தை எழுதி வைக்க, ஓர் ஆறு முடியும் இடத்தை அவன் தேர்ந்தெடுத்தான்.

மழைக்காலம் கழிந்த சமயமாகையால் அகலமாகத் தண்ணீர் நின்றது. மாலை வெயிலில் மின்னிற்று. கொக்குகள் நின்றன. "இதுவா சார் நம்ம பாலாறு?" என்று கேட்டான், காலையில் கேள்வி கேட்ட அதே பையன்.

அவன் கேட்டதில் தவறில்லை. அவன் அறிந்த பாலாறு வேறு. மணல் அள்ளப்பட்டுக் குழியும் மேடுமாய், கருவேல முள் அடர்ந்து, சில இடங்களில் நுரையும் நாற்றமுமாய்க் கிடப்பது. 2021 நவம்பரில் பெருவெள்ளம் வந்தபோது மட்டும் ஆம்பூர்க்காரர்கள் பாலத்தின் மேல் கும்பலாக நின்று, தங்கள் ஊரில் ஆறு இருப்பதை அதிசயத்தோடு பார்த்தார்கள்.

இதில் யாரைக் குறை சொல்வது? தோல் தொழில் இல்லாவிட்டால் எங்கள் பக்கத்தில் அநேக வீடுகளில் அடுப்பு எரியாது. நம் மாணவர்களின் புத்தகப் பையும் சம்பளமும் தோலிலிருந்தே வருகின்றன. அதே தோலின் கழிவு பல்லாண்டு காலம் ஆற்றுப் படுகையிலும் கிணறுகளிலும் இறங்கிற்று. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பது இந்நாட்டின் சட்டம் என்று அதில் ஸ்தாபிக்கப்பட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்டிருக்கின்றன. இருந்தும் ஆறு தேறிவிட்டது என்று கரையோரம் குடியிருக்கும் எவரும் சொல்ல மாட்டார்.

மாமல்லபுரத்தைக் காலம் அரித்தது. உப்புக் காற்று அரித்தது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்தபோது அதே கடல் மணலை வாரிக்கொண்டு போய், மறைந்திருந்த சிற்பப் பாறைகளைக் காட்டியும் கொடுத்தது. சாளுவன்குப்பத்தில் மிகப் பழைய செங்கல் முருகன் கோயில் ஒன்று அதன் பின்னர் தோண்டியெடுக்கப்பட்டது. கடல் எடுத்ததையும் கொடுக்கும். பாலாற்றின் இடிபாடோ கடலின் வேலையன்று, நம் வேலை. அதைக் காட்டிக் கொடுப்பதற்கும் நாம்தான் வேண்டும்.

வாயலூரில் யாரும் சொல்லாமலே குழந்தைகள் நோட்டைத் திறந்தார்கள். இருட்டும் வரையில் வரைந்தார்கள்.

நடைவழியில் ஒரு மூதாட்டி

வில்லியம் டேனியலின் கதையில் நாம் குழந்தைகளிடம் கடைசிக்கென்று வைத்திருந்த பகுதி ஒன்று உண்டு. அதைத் திரும்பும் வழியில் பஸ்ஸில் சொன்னோம். இந்தியாவின் காட்சிகளை அச்சிட்டு முடித்தபின் அவர் தம் சொந்த நாட்டையே சுற்றக் கிளம்பினார். 1814 முதல் 1825 வரையில் பிரிட்டனின் கடற்கரையைப் பகுதி பகுதியாகச் சுற்றி, செங்குத்துப் பாறைகளையும் பாழடைந்த கோட்டைகளையும் மீனவர் துறைகளையும் 308 படங்களாக வெளியிட்டார். அந்நிய தேசத்தில் உட்கார்ந்து பழகிய கண், வீட்டுக்குத் திரும்பித் தன் வாசலையும் அதே பொறுமையோடு பார்த்தது.

மறு திங்கட்கிழமை நாமும் அவ்வாறே ஒரு வேலை கொடுத்தோம். ஒவ்வொருவரும் தம் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், பாலாற்றங்கரையில் ஓர் இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அங்கே இருப்பதை இருக்கிறபடி வரைந்து வர வேண்டும். அழகுபடுத்தக் கூடாது. குழாய் இருந்தால் குழாய். முள் இருந்தால் முள். பன்றி இருந்தால் பன்றி.

மாமல்லபுரத்துப் படங்களையும், வாயலூர்ப் படங்களையும், ஆம்பூர்ப் படங்களையும் பள்ளிக்கூடத்து நடைவழியில் வரிசையாக மாட்டினோம். பெற்றோர் கூட்டம் நடந்த அன்று மாலை, மார்க் விசாரிக்க வந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். சித்திரம் என்று பார்த்தால் பெரும்பாலானவை கோணலாகத்தான் இருந்தன. ஆனால் தோல் பதனிடும் தொழிற்சாலையில் மேற்பார்வை செய்யும் ஒருவர், தம் மகன் வரைந்த ஒரு வாய்க்காலின் முன் வெகு நேரம் ஒன்றும் பேசாமல் நின்றதை நாம் கண்டோம்.

அந்த மாணவியின் ஆயாவும் வந்திருந்தார். தண்ணீர் நிறைந்த வாயலூர்ப் படத்தைக் கண்டு, "இது எந்த ஊர் ஆறும்மா?" என்று கேட்டார்.

"நம்ம ஆறுதான் ஆயா. கடலுக்குப் போற இடம்."

மூதாட்டி படத்தைத் தடவப் போய், கையை இழுத்துக்கொண்டார். பிறகு எதிரே இருந்த பெஞ்சியில் மெதுவாக உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார். கூட்டம் கலைந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

நேயர்கள் அடுத்த விடுமுறையில் குடும்பத்தோடு மாமல்லபுரம் போனால், படம் பிடித்துக்கொள்ள வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். சாப்பாட்டுக் கூடையில் ஒரு நோட்டையும் நாலு பென்சிலையும் சேர்த்து வையுங்கள் என்றுதான் சொல்வோம். பூனையும் எலிகளும், வேட்டி பிழிகிறவரும் அங்கே காத்திருக்கிறார்கள். ஊர் திரும்பியபின் அந்த நோட்டில் மிச்சமிருக்கும் காகிதத்தை எடுத்துக்கொண்டு, உங்கள் ஊர் ஆற்றங்கரையிலும் ஒரு மணி நேரம் உட்காருங்கள்.